எதிர்வீட்டு ஸ்ட்ரிங்ஸ்

அக்கா,

நேற்று தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் மகளுக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குள் பழைய சினிமாப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாடகர் மூச்சு வாங்கிய இடைவெளியில், அதுவரை பின்னால் நின்றிருந்த ஓர் ஒலி கொஞ்சம் முன்னால் வந்தது. வயலின் கூட்டம் போல இருந்தது, ஆனால் வயலின் இல்லை. அடுத்த தெருக் கல்யாணத்திலிருந்து காற்றில் மிதந்து வரும் வயலின்கள் போல. விரித்த புடவையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னா மேடம், கலர் புடிக்கலையா?" என்றாள் விற்பனைப் பெண்.

"பிடிச்சிருக்கும்மா" என்றேன். உங்களைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் நமக்கு எதிரெதிர் வீடு. நான் கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, பெரும்பாலும் இரண்டாம் ஷிப்ட். அம்மா இல்லாதவள் நான். நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளாமல், மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்துக்கொண்டு தனியாக இருந்தீர்கள். மயிலாப்பூரில் கல்யாண வரவேற்பு, மேற்கு மாம்பலத்தில் கோயில் திருவிழா என்று அந்தக் கனத்த பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வருவீர்கள். குடியிருப்பில் உங்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நமக்குள் சிரிப்புப் பழக்கம் மட்டும்தான்.

விளக்கு வைக்கும் நேரமானால் என் பெண் வீறிடத் தொடங்குவாள். ஓமத் தண்ணீர், வசம்பு, டாக்டர் தந்த சொட்டு மருந்து எதற்கும் அடங்க மாட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் போய்விட்டது. எதற்கும் லாயக்கில்லாதவள் என்ற நினைப்பு ஒன்றுதான் நாள் முழுக்கக் கூட இருந்தது. ஒரு மாலை, அழுகிற குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் மொட்டைமாடிக்குப் படியேறினேன்.

கீழேயிருந்து உங்கள் குரல் வந்தது. "ஏ பொண்ணே! மேல அப்பறம் போலாம். இத ஒரு கை புடி, தோளு கழண்டுரும் போல கீது."

இறங்கி வந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தேன். நீங்கள் உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக என் வீட்டுக்குள் போய், கட்டிலில் பெட்டியை வைத்துத் திறந்தீர்கள். எதிர்வீட்டிலிருந்து ஸ்பீக்கரைக் கொண்டுவந்தீர்கள். "பழைய ஸ்ட்ரிங்ஸ் கீபோர்டு, வயலின் கூட்டம் மாதிரி சத்தம் குடுக்கும். கொஞ்சம் சூடாவணும்" என்று சொல்லிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டீர்கள். பிறகு ஒரு கையால் சில கட்டைகளைச் சேர்த்து அழுத்தினீர்கள்.

பால் பொங்குவதுபோல் அந்த ஒலி மெல்ல எழும்பி அறை முழுவதும் நிறைந்து, அப்படியே நின்றது. பெண் விக்கினாள். தலையைத் திருப்பிக் கேட்டாள். அழுகை ஓய்ந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் கட்டைகளிலிருந்து விரலை எடுக்கவில்லை.

மறுநாள் அடையாறில் ஒரு லேடி டாக்டரிடம் என்னை அழைத்துப் போனீர்கள். அவர் குழந்தைக்குக் கை நீட்டியபோது, "கொழந்தைக்கு இல்ல டாக்டர். இவளப் பாருங்க" என்றீர்கள். பிரசவமானதிலிருந்து யாரும் என்னைப் பாருங்கள் என்று சொன்னதில்லை, அக்கா.

அதன்பின் கச்சேரி இல்லாத மாலைகளில் எல்லாம் வந்தீர்கள். "வயலின்காரருக்கு வில்லு தீந்துரும், திருப்பியாவணும். இது நான் கைய எடுக்குற வரைக்கும் நிக்கும்" என்பீர்கள். ரேடியோவில் பாட்டு வந்தால், பின்னால் கேள் என்று ஜாடை காட்டுவீர்கள். "யாரும் இத கேக்கமாட்டாங்க. ஆனா எடுத்துட்டுப் பாரு, பாட்டு அம்மணமா நிக்கும்." நான் கேட்கக் கற்றுக்கொண்டேன். எனக்கு மெல்ல மெல்லப் பசிக்கத் தொடங்கியதும் அந்த மாதங்களில்தான்.

ஒருநாள் உங்கள் குழுத் தலைவர் தேடி வந்தார். "புது கீபோர்டு வாங்கிட்டோம்க்கா. அப்டியே வயலினே வருது. இதுல வயலின் மாதிரியே இல்ல" என்றார்.

"வயலின் வேணும்னா வயலின்காரர கூப்புடு நைனா. இது வேற" என்றீர்கள்.

ஆனாலும் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. மேடையில் புதியதை வாசிக்கத் தொடங்கினீர்கள். பழையது எங்கள் கட்டிலிலேயே தங்கிவிட்டது. வெயில் ஏறினால் சுருதி கொஞ்சம் விலகும். என் பெண்ணுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. "அக்கா, அன்னைக்கு நான் எதுக்கு மாடிக்குப் போனேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த நீங்கள் நிமிரவில்லை. "இந்தப் பொட்டிய நான் என்னிக்காவது யாரையாவது புடிக்கச் சொல்லி நீ பாத்துகீறியா?" என்றீர்கள். பிறகு சீவியதை என் பக்கம் தள்ளி, "எண்ணெய் காய்ஞ்சுதா பாரு" என்றீர்கள்.

பெண் பள்ளிக்கூடம் போகும் முன்பே வேலை மாற்றலாகி நாங்கள் ஓசூர் போய்விட்டோம். அப்புறம் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் போன் பேச்சுதான். போன ஆண்டு நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று உங்கள் தங்கை சொன்னார். சாந்தோம் தேவாலயத்தில் உங்களுக்கான பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நான் மாடிக்கு ஏறியது என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போனபின் அந்த மாலையின் நினைவை நான் மட்டுமே வைத்துக்கொண்டிருந்தேன். நேற்று கடையிலிருந்து இங்கே மகள் வீட்டுக்குத் திரும்பியதும் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தூளி, படி, நீங்கள், எல்லாவற்றையும்.

வெகு நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எப்போதும் நீங்கள் 'கோட்டூர்புரம் அக்கா'தான்.

"அவங்க பேர் என்னம்மா?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் உங்கள் பெயரை ஒருமுறை தனக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.