கொன்சிங்குக்கு ஆகாத கடை

லா பாஸ், இலோயிலோ
அக்டோபர் மாதம், ஞாயிறு பூசை முடிந்து வந்து எழுதியது

அன்பு மகள் மெர்லிக்கு,

ஹாரோ மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினப்படி வேண்டுதல். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மழை வந்தால் கூடுகிறது, மாத்திரை போடு என்றால் நாளைக்கு என்கிறாள். எனக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம், எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். உன் ஞானத்தாய் கொன்சிங்கின் அடக்கம் எப்படி நடந்தது என்று போனில் கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அழுதாள், அவளைப் பார்த்து நீ அழுதாய், அதோடு வீடியோவில் படம் உறைந்து போய் நீ கோணின வாயோடு அப்படியே நின்றுவிட்டாய். அதனால் எல்லாவற்றையும் எழுதியே விடுகிறேன். பக்கத்து வீட்டு ஜெம்மா அடுத்த வாரம் வின்னிபெக்குக்கு வேலைக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

எங்கள் வயதில் மாதத்துக்கு ஒரு துக்க வீடாவது வந்துவிடுகிறது மகளே. நான், உன் அம்மா, கொன்சிங், என் சீட்டாட்டக் கூட்டாளி நாடோ, நாலு பேரும் சேர்ந்துதான் போவோம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டு, ஜெபமாலை சொல்லி, அவர்கள் தரும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது, நடுவில் வேறெங்காவது உட்கார்ந்து உதறிவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். நீ அங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாய், இதெல்லாம் அங்கே செய்கிறாயோ என்னவோ, செய்யாவிட்டால் இனிமேல் செய். நான் ஜீப்னி ஓட்டிய காலத்தில் இந்த ஊரின் ஒவ்வொரு கடை வாசலிலும் நிறுத்தி ஆள் ஏற்றியிருக்கிறேன், பெயர்ப்பலகை எல்லாம் மனப்பாடம், ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து ஒரு வாய் தின்றதில்லை. இந்த வயதில் செத்தவர்கள் தயவில்தான் ஊரைத் தின்று பார்க்கிறேன் என்று சொன்னால் சிரிப்பாய். மோலோ கோவிலுக்குப் பின்னால் ஒரு பேக்கரி இருக்கிறது, மாலையில் ரொட்டி அடுப்பிலிருந்து வரும்போது தெரு முழுக்க மணக்கும், சூடாக நாலு வாங்கி வெண்ணெய் இல்லாமலே தின்னலாம். ஹாரோவில் ஒரு அம்மாள் வீட்டு முன்னாலேயே மேசை போட்டு மரவள்ளிக் கிழங்குக் கேக் விற்கிறாள், மேலே தேங்காய்ப்பால் கருகினாற்போல் படிந்திருக்கும், உன் அம்மா அந்தக் கருகலை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு மீதியை எனக்குத் தள்ளிவிடுவாள். எதுவும் பெரிய விலை இல்லை, சட்டைப்பையில் இருக்கிற சில்லறைக்குள் நாலு பேரும் வயிறாறலாம்.

எங்கே போவது என்று முடிவு செய்வது கொன்சிங்தான். ஜெபமாலையின் கடைசிப் பத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே என் விலாவில் இடித்து, "தென்சியோ, வயித்த காலியா வச்சுக்க, அந்த பிஸ்கட்டத் தின்னு கெடுத்துக்காத" என்பாள். ஒரு தடவை அரேவாலோவில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனாள், உள்ளே போய் எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிவிட்டு வெளியே வந்ததும் நாடோ, "கொன்சிங், செத்தது யாரு, உனக்கு என்ன ஒறவு" என்று கேட்டான். "யாருன்னு எனக்கென்ன தெரியும், ஆனா இந்தத் தெருக்கோடியில தேங்கா ரொட்டி பிரமாதம்னு சொன்னாங்க" என்றாள் அவள். உன் அம்மா அங்கேயே தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் துக்க வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள்.

ஒரே ஒரு கடைக்கு மட்டும் அவள் எங்களை விட்டதில்லை. லா பாஸ் சந்தைக்குள் சலுட் என்ற விதவை நடத்தும் பாட்சோய் நூடுல்ஸ் சூப்புக் கடை. ஒரு காலத்தில் கொன்சிங் அங்கே போய் நூடுல்ஸில் கை வைப்பதற்கு முன்னாலேயே சூப்பை மட்டும் உறிஞ்சிக் குடித்துவிட்டு இன்னொரு தடவை ஊற்றச் சொல்லியிருக்கிறாள். எந்த பாட்சோய்க் கடையிலும் சூப்பு கேட்டால் சும்மா ஊற்றுவார்கள், அதுதானே வழக்கம். சலுட்டோ கூட்டத்துக்கு நடுவில், "மொதல்ல கிண்ணத்துல இருக்குறதத் தின்னு முடி, சூப்பு எங்கயும் ஓடிப் போகாது" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. "அவ சூப்பா அது, பாத்திரம் கழுவுன தண்ணி" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தினமும் சந்தைக்குப் போகிறவள், அந்தக் கடை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை குட்டி இல்லாதவள், அவளுக்கு நீதான் எல்லாம். எந்தக் கடையில் எது வாய்க்கு ருசித்தாலும், "மெர்லி வரட்டும், மொதல்ல இங்கதான் கூட்டியாரணும்" என்பாள். கடைக்காரர்களிடமும், "கனடாவுலருந்து எம் மக வரா, அன்னைக்கு இத நல்லாப் பண்ணி வைக்கணும்" என்று சொல்லி வைத்துவிடுவாள். டிசம்பரில் வருகிறேன் என்பாய், பிறகு லீவு இல்லை என்பாய், அடுத்த டிசம்பர் என்பாய். நான் வருத்தப்பட்டால் அவள்தான் உனக்காக என்னோடு சண்டைக்கு வருவாள், "அவ என்ன ஊர் சுத்தவா போயிருக்கா" என்று. இப்போது மோலோ பேக்கரிக்குப் போனால் அங்கே ரொட்டி எடுத்துத் தருகிற பெண், "அந்தக்கா எங்க, கனடாப் பொண்ணு வந்தாச்சா" என்று கேட்கிறது. ரொட்டியை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன் மெர்லி.

கொன்சிங் கஷ்டப்படாமல்தான் போனாள், துணி காயப்போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். நீ வரப் பார்க்கிறேன் என்றதும் அவளுடைய தம்பி மக்கள் அடக்கத்தைத் தள்ளி வைக்கச் சம்மதித்தார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. பிறகு ஆள் பற்றாக்குறை, விடமாட்டேன் என்கிறார்கள் என்று நீ சொன்னாய். உன் மேல் தப்பில்லை, யாரோ பெற்ற கிழவர்களைக் கழுவித் துடைத்துப் படுக்க வைக்கிறாய், அது புண்ணியம்தான். ஆனாலும் பெட்டியை மூடும்போது வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன், அதைச் சொல்லாமல் இருந்தால் பொய்யாகிவிடும்.

கல்லறையிலிருந்து திரும்பி மூன்று பேரும் சாலையில் நின்றோம், எங்கே போவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கை காட்ட ஆளில்லை. அம்மா மோலோ என்றாள், நான் ஹாரோ என்றேன். நாடோதான், "அங்கல்லாம் போனா அவளும் வந்து ஒக்காந்துருவா, அப்பறம் உதறுறது எங்க. அவ வராத எடம்னா ஊர்ல ஒண்ணுதான் இருக்கு" என்றான். அப்படித்தான் சலுட் கடைக்குப் போனோம். மூன்று கிண்ணம் வந்தது, மேலே பொரித்த பன்றித் தோல் தூவி, ஈரல் இரண்டு துண்டு போட்டு. ஒரு கரண்டி வாயில் வைத்ததும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மகளே, இத்தனை கடை தின்றிருக்கிறோம், அதற்கு இணையாக ஒரு சூப்பு இந்த ஊரில் இல்லை. நாடோ கரண்டியை நீட்டி, "அட பாவி கொன்சிங், இதையா விட்ட" என்றான். அம்மா துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், கண்ணீர் கிண்ணத்திலேயே விழுந்தது.

சலுட் வந்து எங்கள் கறுப்புத் துணியைப் பார்த்துவிட்டு, "உங்ககூட சந்தைக்கு ஒருத்தி வருவாளே, இந்தக் கடை வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறவ, அவ எங்க" என்று கேட்டாள். அவளைப் புதைத்துவிட்டுத்தான் வருகிறோம் என்றேன். கையிலிருந்த சூப்புக் குவளையை எங்கள் மேசையில் வைத்தாள். "அன்னைக்குக் கூட்டத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன், நானே கூப்புட்டுருப்பேன். தினம் இந்த வழியாத்தான போறா, இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வராமயா போவான்னு இருந்துட்டேன்" என்றாள். பிறகு நாங்கள் கேட்காமலே மூன்று கிண்ணத்திலும் ததும்பத் ததும்ப ஊற்றிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள், நாங்கள் கிளம்பும் வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் சொன்னது என் நெஞ்சில் அப்படியே நிற்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இதையெல்லாம் எழுதாதே, பிள்ளை மனசு நோகும் என்கிறாள். நோகட்டும் என்றுதான் எழுதுகிறேன், எனக்கும் நோகிறதே.

ஜெம்மாவிடம் ஒரு டப்பா பிஸ்கோச்சோ ரொட்டி கொடுத்திருக்கிறேன், கூட வேலை பார்க்கிறவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாமல் நீயும் தின்னு. காலுறை இரண்டு போட்டுக்கொள், வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. கடவுள் உன் கையையும் காலையும் முதுகையும் காப்பாற்றட்டும், நீ தொட்டுத் தூக்குகிற கிழவர்கள் எல்லாரும் உன்னை வாழ்த்தட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார். நான் செத்தால் நீ வந்துவிடுவாய், எனக்குத் தெரியும், கெஞ்சியோ சண்டை போட்டோ லீவு வாங்கிக்கொண்டு வந்துவிடுவாய். அழுது முடித்ததும் நாடோ உன்னை ஏதாவது ஒரு கடைக்குக் கூட்டிப் போவான், எதுவானாலும் நல்ல கடையாகத்தான் இருக்கும், எல்லாம் நாங்கள் தின்று பார்த்தவை. ஆனால் அன்றைக்கு நீ அங்கே போய் உட்காருவதே நான் உன் பின்னால் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அதற்கு முன்னால் ஒரு தடவை வா மகளே, நானும் கூட வருகிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா தென்சியோ