ஜன்னலடியில் அக்கா

நவம்பர் 3, செவ்வாய்

இல்லை, காற்று கண்ணாடி வழியாக வரவில்லை. கன்னத்தை வைத்துப் பார்த்தேன். குளிர்கிறது, ஆனால் அசைவில்லை. நகரும் ஜன்னல் முழுக்க மூடியிருக்கும்போதே திரைச்சீலை மூச்சு விடுகிறது. படுத்துக்கொண்டு பார்த்தால் அறை படகு மாதிரி எங்கோ மெல்லப் போகிறது.

அக்கா அந்த ஜன்னலடியில்தான் படுக்கிறாள். வேறு இடமில்லை. அத்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியும் அங்கேதான். மேலாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே மூடிவிடுகிறாள்.

காலையில் மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள்: "இது வீடாடி, புல்லாங்குழலா? இதுக்கு நான் அங்கேயே போயிடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 4, புதன்

அங்கே. கோபம் வந்தால் அத்தான் அடிக்கமாட்டார், திட்டமாட்டார். பேசமாட்டார். மாதக்கணக்கில். அக்கா எதிரிலேயே நிற்க, உப்பு வேண்டுமென்று தன் அம்மாவிடம் கேட்பார்.

"கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நான் இருக்கேனான்னு." வெங்காயம் நறுக்கியபடி ஒருமுறை சொன்னாள்.

இங்கே வந்தபின் குக்கரோடுகூடப் பேசுகிறாள்.

காற்றை அடைக்க வேண்டும்.

நவம்பர் 6, வெள்ளி

மெல்லிய காகிதக் கீற்று ஒன்றை ஜன்னல் ஓரமெல்லாம் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணாடிக் கதவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நடு இடத்தில் படபடத்தது. காற்றைத் தடுக்க அங்கே ஒட்டியிருந்த பிரஷ் பட்டை தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரிசல். கீழே, கதவு ஓடும் தடத்தின் வெளிவிளிம்பில், சின்னச் சின்னத் துளைகள். அங்கே கீற்று பறக்கவே பார்த்தது.

கடைக்காரர் கேட்டார்: "பட்டை எவ்வளவு வேணும்?" கைகளை விரித்துக் காட்டினேன். "மீன் பிடிச்சவங்க இப்படித்தான் காட்டுவாங்க. அளந்துட்டு வாங்கம்மா."

நவம்பர் 7, சனி

பழைய பல் பிரஷால் தடத்தைத் தேய்த்தேன். தூசி, பூச்சியின் இறகு, யாருடையதோ ஒரு நீல மணி. அடிச்சக்கரத்தின் திருகைத் திருப்பியதும் சாய்ந்திருந்த கதவு நிமிர்ந்தது. புதுப் பட்டை. விரிசலில் சிலிக்கான் பசை. துளைகளிலும்தான், ஒன்று விடாமல்.

"கேக்குக்கு க்ரீம் வைக்கிறியா?" என்றாள் அக்கா.

மாலையில் திரைச்சீலை அசையவே இல்லை. படகு கரை சேர்ந்துவிட்டது.

நவம்பர் 8, ஞாயிறு

அத்தான் போன் செய்தார். பேசுகிறார்! அடுத்த ஞாயிறு கார் கொண்டுவருகிறாராம். அக்கா "ம்" என்றாள். மறுபடி "ம்."

காற்றுக்காகவா அவள் போவதாக இருந்தாள்? நான் எதை அடைத்துக்கொண்டிருந்தேன்?

நவம்பர் 10, செவ்வாய்

மழை. வேலையிலிருந்து வந்தால் அக்கா தரையில், கையில் துண்டு.

அந்தத் துளைகள் மழைத்தண்ணீர் வெளியே போவதற்காம். போக வழியில்லாமல் தடம் நிரம்பி, உள்ளே வழிந்து, நேராக அவள் பெட்டிக்குள்.

"பெரிய எஞ்சினியர்! தண்ணி போற வழிய அடைச்சு வீட்டுக்குள்ள குளம் கட்டிட்டியேடி!"

அழுதுவிடுவாளோ என்று பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று.

ஹேர்பின்னால் பசையைக் குத்தி எடுத்தேன். தண்ணீர் மடக்கென்ற சத்தத்தோடு வெளியே போனது. அதற்குள் அவள் பெட்டியை அடிவரை காலி செய்திருந்தாள். கதவு, நாற்காலி, மேசை, என் சைக்கிள்—எல்லாவற்றின் மேலும் அவள் துணிகள். அறை முழுக்கப் பல அக்காக்கள் சோம்பல் முறிப்பது போல.

நவம்பர் 12, வியாழன்

துளைகளுக்கு வெளியே குட்டி மூடிகள் மாட்டினேன். தண்ணீர் தள்ளினால் திறக்கும், காற்று தள்ளினால் சாத்திக்கொள்ளும். இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

துணிகள் காய்ந்துவிட்டன. யாரும் மடிக்கவில்லை.

நவம்பர் 15, ஞாயிறு

நல்ல வெயில். காலையிலேயே அத்தானின் போன்.

"இன்னைக்கு வராதீங்க," என்றாள் அக்கா. "துணியெல்லாம் இன்னும் காயல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்ப காயும்னு சொல்ல முடியாதுங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னடி முழிக்கிற?"

அலமாரியின் நடுத்தட்டிலிருந்து என் புத்தகங்களை இறக்கிவிட்டு, காலியான தட்டை ஈரத்துணியால் துடைத்தேன்.