கார்டு விடாமல் போட்ட கையெழுத்து

முருகன் துணை

நல்லூர், திருப்பூர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கண்ணு ஜெயபாரதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், சாயங்காலமானால் என் கால் வீங்குவதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன். நீ அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் எனக்கு அழுகை வந்துவிடும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்ன என்று கேட்பார், அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படித்துக்கொள்.

நம் வீதியில் சாக்கடைக்குத் தோண்டிய குழி இன்னும் அப்படியே கிடக்கிறது, பனியன் கம்பெனி வண்டி உள்ளே வருவதில்லை, மெயின் ரோடு வரை நடந்து போய்த்தான் ஏறுகிறேன். பத்து நாள் வளர்ந்த பட்டாணிச் செடியைப் பூ விடும் முன்பே நீ ஆராய்ச்சிக்கு அரைத்துவிடுகிறாய் என்று அப்பாவுக்கு இன்னும் மனத்தாங்கல், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். குன்னத்தூரிலிருந்து உனக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை வேல்குமாரின் அம்மா வந்திருந்தார்கள். குறையாக ஒன்றும் பேசவில்லை, "படிப்பு எப்பங்க முடியுது, கல்யாணத்தைத் தை மாசம் வெச்சுக்கலாமுங்களா" என்று மட்டும் கேட்டார்கள். அப்பா சரி என்றார், நானும் தலையாட்டினேன். நீ போய் அஞ்சு வருஷமாயிற்று கண்ணு, எனக்கும் அலுத்துவிட்டது, நீ வீட்டுக்கு வந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அந்த நினைப்பில்தான் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதபோது அப்படிச் சொல்லிவிட்டேன். நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பட்டாணி இலையை அரைத்து அதிலிருக்கும் பச்சை மணிகளைப் பிரித்தெடுக்கிறாய், அவற்றுக்குள் உன் புரோட்டீன் போகிறதா என்று பார்க்கிறாய், போகாமல் வெளியே ஒட்டிக்கொண்டிருப்பதை ஒரு மருந்து விட்டுக் கரைத்துவிட்டால் மிச்சம் இருப்பதெல்லாம் உள்ளே போனது என்று கணக்கு. அந்த மருந்து எப்போதோ செத்துப்போய் எதையுமே கரைக்காமல் இருந்திருக்கிறது, நீ அதைச் சோதித்துப் பார்க்காமலே ரெண்டு வருஷம் விட்டிருக்கிறாய், உள்ளே போனது என்று நீ எழுதியதெல்லாம் வெறுமனே வெளியே ஒட்டியிருந்ததாக இருக்கலாம். உன் கைடுக்கு இது தெரியாது, தீசிஸ் கொடுக்க ரெண்டு மாதம்தான் இருக்கிறது. நான் கொஞ்சமும் யோசிக்காமல் "யாருக்குக் கண்ணு தெரியப் போகுது, எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்கு வந்துரு" என்றேன். நீ சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று கேள். எங்கள் கம்பெனியில் குழந்தைச் சட்டைகளைப் பெட்டியில் போடும் முன் நீடில் மிஷினில் விடுவது என் வேலை என்று உனக்குத் தெரியும், உடைந்த ஊசித் துணுக்கு எதிலாவது இருந்தால் மிஷின் கத்தும். மிஷின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, இரும்புத் துணுக்கு வைத்த கார்டு ஒன்றைத் தினமும் காலையில் அதில் விட வேண்டும், விட்டேன் என்று நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கார்டு மாடி ஆபீசில் இருக்கிறது. கால் வலியில் மூன்று நாளாக நான் மாடி ஏறவில்லை, கையெழுத்தை மட்டும் போட்டேன். செவ்வாய்க்கிழமை ஏறிப் போய் எடுத்து வந்து விட்டால் மிஷின் கத்தவில்லை. மறுபடி விட்டேன், அப்போதும் இல்லை. பக்கத்தில் ஒருவரும் இல்லை கண்ணு, மிஷின் இன்றைக்குத்தான் கெட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உனக்குச் சொன்ன அதே பேச்சு என் வாயிலேயே வந்து நின்றது, வெட்கமாகப் போய்விட்டது. சூப்பர்வைசர் தனபாலைக் கூப்பிட்டு மூன்று நாளாகக் கார்டு விடவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தக்கூட இல்லை, "ஏனுங்க்கா, நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களா" என்றார், அதற்குக் கத்தியிருந்தால் தேவலை. ஒட்டிய பெட்டி அத்தனையும் பிரித்து வேறு மிஷினில் ரெண்டு நாள் விட்டோம், கூட வேலை செய்யும் பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொண்டே விட்டார்கள். ஒரு துணுக்குக்கூட இல்லை. இருந்தும் என்னை மிஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது நூல் பிசிர் வெட்டும் மேஜையில் சின்னப் பெண்களோடு நிற்கிறேன்.

அதனால் நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னது தப்பு. உன் கைடிடம் உள்ளதைச் சொல்லிவிடு. நீ சீக்கிரம் வர வேண்டும் என்ற ஆசையில் சொன்னேன், உன் நல்லதுக்குச் சொல்லவில்லை. உன் புரோட்டீன் நிஜமாகவே உள்ளே போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம், புது மருந்து வைத்துப் பார்த்தால்தானே தெரியும். இன்னும் ஒரு வருஷமானாலும் ஆகட்டும். குன்னத்தூருக்கு நானே பேசிக்கொள்கிறேன், காத்திருக்க மனதில்லை என்றால் அது அவர்கள் விருப்பம். அப்பாவிடமும் நானே சொல்கிறேன். நீ வராதது எனக்கு வருத்தம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

முருகன் உனக்குத் தைரியமும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை. கைடிடம் சொன்னதும் எனக்குப் போன் பண்ணு. சொல்லப் போய் வாய் வராமல் திரும்பி வந்துவிட்டாலும் பண்ணு, அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா
நல்லம்மாள்