வீடியோவில் இருக்கும் விரல்கள்

பாளையம்பட்டி,
புதன்கிழமை மாலை

அன்புள்ள அஸ்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, "இங்க பாருடி, உன்னை மாதிரியேதான வைக்கிறேன்" என்று மூன்றாவது தந்தியில், ஒன்பதாவது ஃபிரெட் கட்டத்தில் விரலை அழுத்தித் தொடங்கி வாசித்துக் காட்டினாய். தப்பான சுரங்களாக வந்தன. உன் மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீயும் சிரித்தாய். ஆனால் ஃபோனைக் கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாய். அப்போது நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பழகப் பழக வந்துரும்டி" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் நீ, "எனக்கெல்லாம் இது ஆகாதுடி. விரலும் கட்டை, காதும் கட்டை. மேல் மாடிக்காரங்க பையன் கேட்டுக்கிட்டே இருக்கான், குடுத்துரப் போறேன்" என்றாய். இர்பான் அண்ணன் லீவு முடிந்து சார்ஜாவுக்குக் கிளம்புகிறார், அவரிடம் ஒரு கடிதம் தருகிறேன், அது வரும்வரை கொடுக்காதே என்று மறுநாள் உனக்குச் செய்தி அனுப்பினேன். ஃபோனிலேயே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து மழுப்பிவிடுவேன். நீயும் "அட, விடுடி" என்று முடித்துவிடுவாய். நீ எனக்கு அப்படி எளிதாக விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

பரளச்சிக் கச்சேரி வீடியோவில் கேட்கிற கிட்டார் என்னுடையது இல்லை.

இதைச் சொல்லிவிட்டால் மற்றவை எளிதாக வந்துவிடும் என்று நினைத்தேன். அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியும். பள்ளி நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்து, ஃபோனை முன்னால் சாய்த்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் தறி ஓடும்போது மட்டும் வாசிப்பேன். அந்தச் சத்தத்தில் என் தப்புகள் தெருவுக்குப் போகாது. கரண்டு போனால் தறி நின்றுவிடும். நான் அழுத்தியிருந்த தப்பான சுரம் மட்டும் தெருவில் தனியாக நிற்கும். உடனே கையை எடுத்துவிடுவேன். கற்றுக்கொள்வதில் பாதியை நான் இப்படி ஒளிந்துகொண்டே செய்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

செல்லப்பாண்டி அண்ணனின் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர் திருப்பூருக்குப் போனதும், யாரோ என் பெயரைச் சொல்ல, அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். அண்ணன்தான் குழுவுக்குச் சொந்தக்காரர், கீபோர்டும் அவர்தான். என்னை நன்றாக வாசிக்கிற பெண் என்று நம்பித்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பங்குனிப் பொங்கலுக்குப் பரளச்சியில் கச்சேரி. சரணத்துக்கு முன்னால் தனியாக வருகிற கிட்டார் துண்டைக் குழுவில் 'பிட்டு' என்பார்கள். ஒரு பாட்டில் நீளமான பிட்டு எனக்கு. அதை மாதக்கணக்கில் பழகினேன். மெதுவாக வாசித்தால் வரும். ஒத்திகையில் தாளம் வாசிக்கிற மொக்கையன் டிரம் பேடில் தட்ட ஆரம்பித்ததும் என் விரல் பின்தங்கிப் போகும். இரண்டு இடங்களில் தந்தியை மேலே தள்ளிச் சுரத்தை ஏற்ற வேண்டும். பாதி வழியில் நின்றுவிடும். மறுபடி, மறுபடி. கடைசியில் எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காத தாயி. ஊருல கேக்கிறவுகளுக்குக் கிட்டாரு சத்தம் வரணும். கிட்டாரு கண்ணுக்குத் தெரியணும். ரெண்டும் ஒரே எடத்துல இருந்து வரணும்னு எவுகளும் கேக்கல. நீ புடிச்சுக்கிட்டு நில்லு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். கீபோர்டில் கிட்டார் சத்தம் இருக்கிறது. பல குழுக்களில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார். மொக்கையன், "நின்னா போதும்னா எங்கிட்டயே குடுத்திருக்கலாம்ல, நானே சேலையக் கட்டிக்கிட்டு நின்னுருப்பேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அஸ்மா. அந்தச் சிரிப்புதான் என் சம்மதம்.

மேடையில் என் கிட்டாரிலிருந்து போன வயர் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் எதிலும் சேராமல் சுருண்டு கிடந்தது. பிட்டு வந்தது. அண்ணன் கீபோர்டில் வாசித்தார். சுரம் ஏறும்போது விரலை மேலே கொண்டுபோனேன், இறங்கும்போது கீழே கொண்டுவந்தேன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது போதும். அதோடு நின்றிருந்தால்கூட இத்தனை கூச்சம் இருக்காது. கடைசிச் சுரம் நீண்டு ஒலித்தபோது கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தேன். அதைச் செய்யும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்த இசை என்னிடமிருந்துதான் வருகிறது என்பதுபோல நானாகச் செய்தேன். புத்தகங்களில் வருகிற போலி மனிதர்களை இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறவள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அவர்களும் இப்படித்தான் யாரும் கேட்காத ஒன்றை ஒருநாள் கூடுதலாகச் செய்துவிடுவார்கள் போலிருக்கிறது.

விசில் பறந்தது. மகளிர் குழுத் தலைவி சுப்பம்மாள் மேடையேறி வந்து எனக்குச் சால்வை போட்டார். "நம்ம ஊருப் பொம்பளப் புள்ளைக இதப் பாத்துக் கத்துக்கிறணும்" என்று மைக்கில் சொன்னார். பிறகு மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, என் கையை எடுத்துப் பார்த்து, "ஏம்மா, கம்பியில இந்தப் பாடு படுத்துறியே, விரலு வலிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டது எனக்காக, கூட்டத்துக்காக இல்லை. "பழகிருச்சும்மா" என்றேன்.

அந்த வீடியோவை உனக்கு அனுப்பியதும் நான்தான். நீ கேட்கக்கூட இல்லை. நீ அழுதுகொண்டே பேசி அனுப்பிய பதிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அனீஸ் அண்ணனைக் கல்யாணம் பண்ணிச் சார்ஜா போனதிலிருந்து உனக்கென்று ஒன்றுமே செய்துகொள்ளவில்லை என்றும், நான் மேடையில் நிற்பதைப் பார்த்ததும் காலேஜ் பஸ்ஸில் வீரசோழன் நிறுத்தம் வரும்வரை நாம் பாடிக்கொண்டு போனது நினைவு வந்தது என்றும் சொன்னாய். அடுத்த வாரமே அனீஸ் அண்ணனை அழைத்துக்கொண்டு போய்க் கிட்டார் வாங்கினாய். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா? அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து வீட்டில் என் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. நீ எப்போது கேட்டாலும் "பழகிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். விரல் நுனியில் இருந்த காய்ப்பெல்லாம் உரிந்துவிட்டது. அடுத்த கச்சேரிகளிலும் போய் நின்றேன். நிற்பதற்குக் காய்ப்பு தேவைப்படவில்லை.

ஆனால் நீ வீடியோவை நிறுத்தி நிறுத்தி, என் விரல் எந்த இடத்தில் இருக்கிறதென்று பார்த்து, அதையே அப்படியே பழகிக்கொண்டிருந்தாய் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை மாலை வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அதில் என் விரல் போகிற இடங்களிலெல்லாம் கையை வைத்து வாசித்துப் பார்த்தேன். நீ வாசித்துக் காட்டினாயே, அதே ஓசை. ஒரு சுரம்கூட மாறவில்லை. என் பொய்யை அத்தனை சுத்தமாக வாசித்திருக்கிறாய். இத்தனை நாளாக உன் விரல் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. நான் காட்டிய இடம்தான் தப்பு. அது பாட்டோடு சேரவில்லை என்று உன் காதுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காதைத்தான் நீ கட்டை என்றாய். நான் பழகப் பழக வரும் என்றேன். எத்தனை வருடம் பழகினாலும் அது வந்திருக்காது.

அதற்குப் பிறகு தறிச் சத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினேன். காய்ப்பில்லாத விரலில் தந்தி கத்திபோல இறங்கியது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, பரளச்சியில அம்புட்டு அழகா வாசிச்சவ, இப்ப மறந்துட்டியா?" என்றார். சால்வையைப் பீரோவில் மடித்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடமும் இன்னும் சொல்லவில்லை.

நேற்று ஒத்திகையில் அண்ணனிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை திருச்சுழியில் ஒரு காதணி விழா. அந்தப் பாட்டில் என் வயரைச் சவுண்டு மிக்சரில் சொருகுங்கள், பிட்டு வரும்போது நீங்கள் கீபோர்டில் கை வைக்காதீர்கள் என்றேன். "ஏன் தாயி, நல்லாத்தான போயிக்கிட்டிருக்கு? சொதப்புனா உன் பேரு மட்டும் போகாது, குழுப் பேரும் சேந்துல்ல போகும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் குழுவை வைத்துத்தான் அவர் குடும்பம் ஓடுகிறது. ஒரே ஒரு பாட்டு என்று கெஞ்சினேன். "சரி, ஒன்னு. அதுக்கு மேல கேக்காத" என்றார். எனக்கு அது இன்னும் வேகத்தில் வரவில்லை என்பதையும் உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஏற்றத்தில் இப்போதும் சறுக்குகிறேன்.

இனி உனக்கு. அந்தப் பிட்டு தொடங்குவது மூன்றாவது தந்தியில் இல்லை. இரண்டாவது தந்தியில், எட்டாவது ஃபிரெட்டில். மோதிர விரலை வைத்து, பின்னால் இன்னும் இரண்டு விரலைத் துணைக்கு வைத்துக்கொண்டு தந்தியை மேலே தள்ளு. ஒரு விரலால் தள்ளினால் ஏறாது. நானும் அங்கேதான் நாள்கணக்கில் தோற்றேன். முதலில் தாளமே வேண்டாம். அந்த ஒரு சுரம் ஏறி நிற்பது மட்டும் உன் காதுக்குக் கேட்கட்டும். மீதியை என் கை மட்டும் தெரிகிற மாதிரி, மெதுவாக வாசித்து அனுப்புகிறேன். தப்பு வந்தால் தப்போடு அனுப்புகிறேன்.

என் மேல் கோபப்படு. பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு. நான் ஃபோன் செய்து தொந்தரவு செய்யமாட்டேன். என்னைப் பற்றி அனீஸ் அண்ணனிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். கிட்டாரை மட்டும் மேல் மாடிக்குக் கொடுத்துவிடாதே, அஸ்மா. அந்த ஒன்றை மட்டும் எனக்காக இல்லை, உன் காதுக்காகச் செய்.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

என்றும் உன் அன்பை வேண்டும்,
சத்யபிரியா

சனிக்கிழமை காலை

இர்பான் அண்ணன் பத்து மணி பஸ்ஸில் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று வாசித்தேன். வயர் மிக்சரில் இருந்தது. அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதல் ஏற்றம் ஏறியது. இரண்டாவது ஏறவில்லை. அதற்குப் பின் தாளத்தை விட்டுவிட்டுப் பிடித்தேன். முன் வரிசையில் ஒருவர், "ஏலே, பாட்டுக்கு என்னடா ஆச்சு?" என்று மேடையைப் பார்த்துக் கேட்டார். யாரும் விசிலடிக்கவில்லை. பந்திக்கு எழுந்தவர்கள் எழுந்து போனார்கள். பிட்டைக் கடைசிவரை வாசித்து முடித்தேன்.

வேனில் திரும்பும்போது அண்ணன், அடுத்த மாதக் கச்சேரிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "மனசுல வச்சுக்கிறாத தாயி" என்றார். இறங்கும்போது மொக்கையன், "மொத ஏத்தம் நல்லாருந்துச்சுக்கா" என்றான்.

காலையில் அம்மாவிடமும் பரளச்சி விஷயத்தைச் சொன்னேன். அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை அந்த இரண்டாவது ஏற்றத்தையே வாசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஏறவில்லை.