பால் காய்ச்சாத வீடு

வெள்ளி, கார்த்திகை கடைசி.

பீங்கான் ஆலையில் புதுச் சூளை கட்டும் வேலைக்காக மூன்று மாதத்துக்கு எடுத்த மாடி வீடு இது. தை பிறந்தால் ஓனரம்மாவின் மகன் கல்யாணமாகி இங்கே குடிவருகிறான். சாவி கொடுத்த அன்றே சொன்னாள்: "சோறு ஆக்குங்க, கொழம்பு வைங்க. பாலு மட்டும் காய்ச்சாதீங்க. புது வூடு, மொத பாலு என் மருமவ கையாலதான் பொங்கணும்." வாடகை மட்டும் என் கையால் வரலாம்.

அன்றிலிருந்து டீக்கடையில் வாங்கிக் குடிக்கிறேன்.

இன்று சாயங்காலம் பெண் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே ஏறி வந்தாள். என் துணி அலமாரியைக்கூடத் திறந்து காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் டீ போடுங்களேன்" என்றாள்.

போட்டேன். பால் இல்லாமல்.

பெண்ணின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார். "பாலு இல்லீங்களா?"

"இந்த அடுப்புல மொதல்ல உங்க பொண்ணுதான் பால் காய்ச்சணுமாங்க. நான் காய்ச்சக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "குடியிருக்கிறவங்களுக்கே இப்படின்னா, வர்றவளுக்கு..." என்று இழுத்தார்.

அவர்கள் போனதும் ஓனரம்மா மறுபடி ஏறி வந்தாள். "தை வரைக்கும் வேணாம், இந்த மாசத்தோட வூட்டைக் காலி பண்ணிடுங்க."

சரி. கீழே போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்தேன். எழுத உட்காரும்போதே அடுப்பில் ஏற்றிவிட்டேன். பொங்கி வழிகிற வாசனை வருகிறது. எழுந்து அணைக்கப் போவதில்லை.