உங்கள் கையில் திணித்த சாவிக்கொத்து

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், சித்தப்பா. யாருக்காகவும் ஒரு வரியைக்கூட மழுப்ப மாட்டேன்.

இன்று மாலை எங்கள் அடுக்ககத்தில் கரப்பான்பூச்சி மருந்து அடித்தார்கள். மண்ணெண்ணெய் போன்ற அந்த வாடை மாடிப்படி ஏறி வந்ததும் உங்கள் நீலச் சட்டை கண்முன் வந்தது. குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஓட்டல் ஓட்டலாகத் தெளிப்பானை முதுகில் சுமந்து போவீர்கள். மருந்து டப்பாவில் எழுதியிருப்பதை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன்: புரொபாக்சர், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லி. "நீ படிச்சுக்கினே இரு, நான் அடிச்சுக்கினே இருக்கேன்" என்று சிரிப்பீர்கள்.

அந்தக் கடைசி நாளில் தெளிப்பான் கசிந்து முதுகெல்லாம் மருந்து. இன்னும் ஓர் ஓட்டல் மிச்சம் என்று அதே ஈரச் சட்டையோடு வேலையை முடித்துவிட்டு அஸ்தினாபுரத்தில் நம் அடுக்ககத்துக்கு வந்தீர்கள். கீழ்ப்படியிலேயே விழுந்தீர்கள். வேர்வை கொட்டியது. வாயில் நுரை தள்ளியது. தோலுக்கடியில் தசைகள் தனித்தனியே துள்ளின. பின்தலை படியில் மோதி மோதி ரத்தம் வழிந்தது.

கீழ்வீட்டு அங்கிள் ஓடிவந்தார். வலிப்பு என்றார், இரும்பு கொடுத்தால் நின்றுவிடும் என்றார். இரண்டு பேர் உங்கள் மார்பில் முட்டி போட்டு அழுத்த, அவர் உங்கள் விரல்களைப் பிரித்துச் சாவிக்கொத்தைத் திணித்தார். பல்லுக்கிடையே கரண்டியை நுழைத்ததில் ஒரு பல் உடைந்தது. உங்கள் கண்மணிகள் கடுகளவாகச் சுருங்கியிருந்தன. "மருந்து அங்கிள், சட்டைய கழட்டுங்க" என்று கத்தினேன். அவர் என்னைச் சுவரோடு தள்ளினார். எல்லோரும் வலிப்பு நிற்கும் என்று காத்திருந்தார்கள்.

மருத்துவமனையில் ஊசி போடுவதற்குள் போய்விட்டீர்கள். இந்த வகை விஷம் நரம்பை இறுக்கினாலும் ஒரு நாளுக்குள் தானாகவே பிடியை விட்டுவிடும், அதுவரை மூச்சைக் காப்பாற்றினால் போதும் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். நான் உங்கள் கையை விரித்துப் பார்த்தேன். சாவியின் பற்கள் உள்ளங்கையைக் கிழித்திருந்தன.

இன்று அங்கிளும் மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் நின்றார். வழக்கம்போல என் படிப்பைப் பற்றிக் கேட்டார்.

"அது வலிப்பு இல்ல அங்கிள். சட்டைய கழட்டி, குளிப்பாட்டி, ஒடனே தூக்கிட்டுப் போயிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு."

மூக்கிலிருந்து கையை எடுத்து, "தெரியாம பண்ணிட்டேன் கண்ணு" என்றார்.

"தெரியும்" என்றேன். சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். உங்களுக்காக நான் சுமப்பது இந்தக் கோபத்தைத்தான், சித்தப்பா. இறக்கி வைக்க இன்னும் மனமில்லை.

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள், இதோடு நிறுத்துகிறேன்.