காட்டுக்குப் போக வேண்டிய தூசி

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். முதலில் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

பாலைவனத் தூசியால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று டீச்சர் எழுதிவரச் சொன்னாராம். "எங்க அண்ணன் தூசியிலதான் வேலை பாக்குது, அதுக்குத் தெரியாததா" என்று நீ வகுப்பில் பீற்றிக்கொண்டாயாம். அம்மா எழுதியிருந்தாள். பீற்றிக்கொண்டுவிட்டாய், இனி நான் என்ன செய்வது? சொல்கிறேன், கேள்.

நான் வேலை செய்யும் இந்தப் பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ரொம்பக் காலத்துக்கு முன்னால் அது ஏரி. தண்ணீர் வற்றியதும் அதில் வாழ்ந்த குட்டிக் குட்டி உயிர்கள் செத்து, அவற்றின் ஓடுகள் மாவாகிவிட்டன. காற்று அந்த மாவை அள்ளிக்கொண்டு கடல் தாண்டிப் போகிறது. வழியில் கொஞ்சம் கடலில் விழும். துருப்பிடித்த ஆணியில் சிவப்பாக ஒட்டுமே, அந்த இரும்பு இந்தத் தூசியிலும் உண்டு. கண்ணுக்கே தெரியாத கடல் செடிகள் அதைத் தின்று வளரும். அவற்றைக் குட்டி உயிர்கள் தின்னும், குட்டி உயிர்களை மீன் தின்னும்.

மீதித் தூசி அக்கரையில் இருக்கும் பெரிய காட்டில் விழும். நம் வீட்டுப் பூந்தொட்டியில் நீ தண்ணீரைக் கொட்டினால் அடியில் பழுப்பாக வடியும், அம்மா கத்துவாள் இல்லையா? அந்தக் காட்டில் அப்படித்தான் மழை மண்ணின் சத்தைக் கழுவி ஆற்றில் விட்டுவிடும். போன சத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுப்பது இந்தத் தூசி. பாஸ்பரஸ் என்று அந்தச் சத்துக்குப் பெயர். அதையும் எழுது, டீச்சர் மிரண்டுபோவார்.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததில்லை. போன வாரம் பள்ளிப் பிள்ளைகள் இங்கே சுற்றிப்பார்க்க வந்தார்கள். எங்கள் பெரிய அதிகாரி அவர்களுக்கு அழகாகச் சொன்னார். பிரஷ்ஷும் கையுமாக நின்று நானும் கேட்டேன்.

எங்கள் வேலை சோலார் தகடு துடைப்பது. தண்ணீர் விலை அதிகம் என்று காய்ந்த பிரஷ்ஷால்தான் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்த்தால் தூசி எங்கே போகும்? நேராக முகத்துக்கு. எங்களோடு துடைக்கும் மெஷின் ஒன்றும் இருக்கிறது. உள்ளே தூசி போனால் கெட்டுவிடுமாம், அதற்கு உறை போட்டு, வடிகட்டி மாற்றி, பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு மூக்கில் கட்டிக்கொள்ள அவரவர் துண்டு. பள்ளிப் பிள்ளைகள் வந்த அன்று மட்டும் எங்கள் எல்லோருக்கும் புது மாஸ்க் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பஸ் கிளம்பியதும் மாஸ்க்கைத் திருப்பி வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்!

தினமும் மாஸ்க் வேண்டும் என்று நான் போய்க் கேட்டேன். அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே, "காட்டையே வளக்குற தூசிப்பா, உன்னை வளக்காதா?" என்றார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிள்ளைகளிடம் சொன்ன அதே உண்மையை வைத்துத்தான் என் வாயை அடைத்தார். எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

என் அறையில் பக்கத்துக் கட்டில்காரரைப் பெரிசு என்று கூப்பிடுவோம். ரொம்ப வருஷமாக இங்கேயே துடைக்கிறவர். இதைக் கேட்டதும் அவர், "அப்போ என் நெஞ்சுல இந்நேரம் ரெண்டு மரம் முளைச்சிருக்கணுமேடா" என்றார். சிரிக்க ஆரம்பித்தவருக்கு இருமல் வந்து, முதுகைத் தடவிக்கொடுத்தும் நிற்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

வாலு, நெஞ்சுக்குள் மழை பெய்யாது. வேர் கிடையாது. காட்டில் விழுந்த தூசியை மண் வாங்கிக்கொள்ளும். நெஞ்சில் விழுந்தது அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இந்த வரியையும் சேர்த்து எழுது. பாடத்தில் இது இல்லையே என்று டீச்சர் கேட்டால், அண்ணன் சொன்னது என்று சொல்.

நாளைக் காலை வேலைக்குக் கூட்டிப்போக வண்டி வந்து ஹாரன் அடிக்கும். நாங்கள் யாரும் ஏறப்போவதில்லை. அந்த அட்டைப்பெட்டியைத் திறந்தால்தான் பிரஷ்ஷைத் தொடுவோம். எல்லோருக்காகவும் பேசப்போவது நான். வாயாடி, வாயாடி என்று அம்மா திட்டுவாளே, அந்த வாய்க்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. இதில் என் வேலை போனாலும் போகும். போனால் வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மாவிடம் இப்போதே சொல்லாதே.

ஏன் போன் பண்ணவில்லை என்று அம்மா கேட்பாள். இங்கே டவர் சரியில்லை என்று சொல். நீயும் நம்பு. இரண்டு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது, அம்மாவுக்குக் காது ரொம்பக் கூர்மை.

நன்றாகப் படி. சாயங்காலம் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடு. மூச்சிரைக்க ஓடு, ஆனால் ஒரு நிமிஷம் நின்றால் அந்த மூச்சு தானாகத் திரும்பி வரட்டும். என் தங்கைக்கு ஆயுசு முழுக்க அப்படியே வரட்டும்.

உன் பிரியமுள்ள,
அண்ணன்